விடுதலை வருஷத்துக் கடன்

ஆசேர் மகோலா, ஓபதியாவுக்குத் தரவேண்டியது பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் ஷில்லிங். ஒரு சூளைச் செங்கல்லை விற்ற காசு, உடைக்காமல் அப்படியே கொடுத்தது. ஒரு சூளை என்றால் சதுப்பில் இறங்கி மண் வெட்டி, காலால் மிதித்து, அச்சில் அடித்து, புல் போட்டு மூடிக் காயவைத்து, யூகலிப்டஸ் கட்டை வாங்கி, கண் கொட்டாமல் காவல் இருந்து எரித்து எடுக்கிற ஒரு பருவத்து வேலை. அந்தச் சூளைக்கு ஓபதியாவின் மனைவி கைன்ஸாவும் மண் மிதித்தாள். மண்ணுக்குள் கிடந்த பீங்கான் சில்லு ஒன்று அவள் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. கடனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டுவாள்.

"இந்தா, உங்க ரபி எழுதிக் குடுத்த பத்திரம். படிச்சுக்கோங்க."

கடன் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அப்போது ஆசேர் சபைக்குக் குருவான ரபி இல்லை, பக்கத்து வீட்டுப் பையன். முப்பது வயது தாண்டியும் ம்பாலே டவுனில் போனுக்குக் காசு ஏற்றும் அட்டை விற்றுக்கொண்டு, ஓய்வுநாளில் மலைமேல் ஜெபக்கூடத்தில் பாட்டெடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தவன். நல்ல குரல். அவனுக்கு எருசலேமில் வேதம் படிக்க இடம் கிடைத்தது. சாப்பாடும் படுக்கையும் அவர்கள் தருவார்கள், விமானச் செலவு இவனுடையது. அவன் அம்மா இரண்டு ஆடுகளை விற்றாள். இரண்டு ஆட்டுக் காசு விமானத்தின் படிக்கட்டுவரைகூடக் கொண்டுபோய் விடாது. ஓபதியாவின் கையில் சூளைக் காசு இருந்த நேரம் அது.

"வந்த உடனே குடுத்துடறேன் சித்தப்பா. சத்தியம் பண்ணட்டுமா?"

"சத்தியமெல்லாம் வேணாண்டா. போய்ப் படிச்சுட்டு வா. வந்து குடு, போதும்."

அப்போது ஜெபக்கூடம் என்றால் மண் சுவரும் ஓட்டைத் தகரமும்தான். பதினாலு குடும்பம். ஓய்வுநாள் காலையில் ஒன்பது பேர் வந்து உட்கார்ந்து பத்தாவது ஆளுக்காகக் காத்திருப்பார்கள். பத்து ஆண்கள் சேராமல் யூத வேதமான தோராச் சுருளை வெளியே எடுக்க முடியாது. பெரும்பாலும் அந்தப் பத்தாவது ஆள் ஓபதியாதான். வாரம் முழுக்கச் சேற்றில் நின்ற கால், மலை ஏற நேரமாகும். வாழைத் தோப்புக்கு மேலே அவன் தலை தெரிந்ததும் உள்ளேயிருந்து பாட்டு கிளம்பிவிடும். அவனுக்காகவே பாடுவதுபோல இருக்கும். வாழ்க்கையில் அவனுக்காக யாரும் காத்திருந்த இடம் அது ஒன்றுதான்.

ஆசேர் இரண்டு வருஷம் கழித்துக் கறுப்புத் தொப்பியும் தாடியுமாகத் திரும்பி வந்தான். வந்து அவன் செய்ததை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. சர்வாதிகாரி அமீன் காலத்தில் யூதத் தொழுகைக்குத் தடை வந்தபோது உயிருக்குப் பயந்து சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் போய்விட்ட குடும்பங்களின் வீடு வீடாகப் போனான். "உங்க தாத்தா கல்லறையில என்ன நட்சத்திரம் வெச்சிருக்குன்னு போய்ப் பாருங்க" என்றான். பேரன்கள் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக மலை ஏறினார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது. புதுக் கட்டடம், புதுத் தகரம், சூரிய விளக்கு. வெள்ளிக்கிழமை மாலையில் இருநூறு தொண்டைகள் ஒன்றாகப் பாடும்போது சதுப்பில் நிற்கிற ஓபதியாவுக்கு உடம்பு சிலிர்க்கும். நம்ம காசு ஒரு நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கிறது என்று தோன்றும்.

பிறகு சட்டங்கள் வந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் திரை வந்தது. ஓய்வுநாளில் மத்தளம் நின்றது. அப்புறம் வெளிநாட்டிலிருந்து மூன்று பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, இந்த ஊரில் யாரும் இன்னும் முறைப்படி யூதர் ஆகவில்லை, ஆணுக்கு விருத்தசேதனம் செய்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எல்லாரும் ஆற்றில் முங்கி எழுந்தால்தான் கணக்கு என்றார்கள்.

"எனக்குப் பொறந்த எட்டாம் நாளே அது ஆயிடுச்சுங்க," என்றான் ஓபதியா.

"சாட்சி இருக்கா?"

"எங்கப்பாவை அதுக்காகப் போட்டு அடிச்ச சிப்பாய்ங்க ரெண்டு பேரு இருந்தாங்க. தேடிப் பாருங்க, உயிரோட இருந்தா சொல்லுவாங்க."

ஆசேர் அதைச் சிரிக்காமல் மொழிபெயர்த்தான். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். ஓபதியாவின் முறை வருவதற்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் பத்துப் பேரை எண்ணும்போது எண்ணுகிறவனின் விரல் அவனைத் தாண்டிப் போகும்.  ஓபதியா ஐம்பது வயதில் ஊசிக் குத்தும் வாங்கிக்கொண்டு, குளிர்ந்த ஆற்றில் அட்டைகளுக்கு நடுவே முங்கியும் எழுந்தான். ஆசேர் நடத்திய மாலை வகுப்பிலும் போய்ச் சேர்ந்தான். செங்கல் அச்சு பிடித்த விரலுக்கு எபிரேய எழுத்துகள் வசப்பட ஒரு வருஷம் பிடித்தது. வகுப்பு முடிந்ததும் சில நாள் காசைப் பற்றிக் கேட்பான். அறுவடை ஆகட்டும் சித்தப்பா, வெளிநாட்டுப் பணம் வரட்டும் சித்தப்பா என்று ஆசேர் சொல்வான். கேட்டுவிட்டோமே என்று ஓபதியாவுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

இந்த வருஷம் அப்படிக் கூச்சப்பட முடியவில்லை. அவன் மண் எடுக்கிற நிலம் ஹாஜி கிர்யாவுடையது. சதுப்பு ஓரத்தில் கால் ஏக்கர். நடுவில் ஒரு ஊற்று உண்டு, எந்த வெயிலிலும் மண் காயாது. மலைக்கு இந்தப் பக்கம் அதுபோல மண் வேறெங்கும் இல்லை. ஹாஜிக்கு வயதாகிவிட்டது, விற்கப் போகிறார்.

"முதல்ல உங்கிட்டதான் சொல்றேன்," என்றார் ஹாஜி. "உங்க புத்தாண்டு முடியட்டும். அதுக்குள்ள இருபது லட்சம் கொண்டா, நிலம் உன்னுது. இல்லன்னா வெளியில சொல்லுவேன். என் மருமகன் தினம் வந்து உக்காந்துட்டு இருக்கான், எனக்கும் மூச்சு முட்டுது."

மிச்சத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். ஆசேரிடம் இருப்பது வந்தால் போதும். வராவிட்டால் ஓபதியா இனிமேல் யாருடைய மண்ணையாவது கூலிக்கு மிதிக்க வேண்டியதுதான்.

அந்த ஆண்டுதான் ஏழாம் ஆண்டு, விடுதலை வருஷம். அதன் கடைசி மாதத்தில் ஓர் ஓய்வுநாள் ஆசேர் அதைப் பற்றிப் பாடம் சொன்னான். வருஷம் முடிகிற அன்று சூரியன் சாயும்போது வராத கடனெல்லாம் விழுந்துபோகும், அதற்குப் பிறகு கேட்கக் கூடாது என்றான்.

மளிகைக் கடை செபுலோன் எழுந்து, "ரபி, பாதி ஊரு என் கடையில கடன். சோப்பு, உப்பு, மண்ணெண்ணெய். சூரியன் சாய்ஞ்சா நானும் சாய்ஞ்சுடுவேன்," என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"உங்களுக்கு வழி இருக்கு," என்றான் ஆசேர். "கடனைச் சபையோட நீதிமன்றத்துக்கிட்ட ஒப்படைச்சு ஒரு சீட்டு எழுதிக்கலாம். அப்ப விழாது. ஆனா இதுல அழகான இடம் ஒண்ணு இருக்கு, அதைக் கேளுங்க. வருஷம் போனப்புறமும் வாங்கினவன் பணத்தை எடுத்துக்கிட்டு வர்றான். குடுத்தவன் 'விட்டேன்'னு சொல்லணும். சொல்லியே தீரணும், அதுதான் சட்டம். அப்ப வாங்கினவன் 'இருந்தாலும் பிடி'ன்னு கையில வைக்கணும். வெச்சா வாங்கிக்கலாம், பாவமில்ல. அப்படித் திருப்பிக் குடுக்கிறவனைப் பாத்து நம்ம ஞானிகள் மனசு குளிருதாம்."

ஓபதியாவுக்கு அந்த இடம் மனதில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர், இரண்டு பேரும் கையை நீட்டுகிறார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை. மண் மிதிக்கும்போது தானாகச் சொல்லிப் பார்ப்பான்.

"விட்டேன்."

"எதை விட்டீங்க?" என்பாள் பக்கத்தில் மிதிக்கிற கைன்ஸா. "காலையா? எடுத்து வைங்க, மண்ணு இறுகுது."

புத்தாண்டுக்கு முந்தின வாரம் ஜெபக்கூடத்தில் மேசை போட்டு ஆசேரும் இன்னும் இரண்டு பேரும் நீதிமன்றமாக உட்கார்ந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்று சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ஓபதியாவும் நின்றான். அவனைப் பார்த்ததும் ஆசேர் எழுந்து வந்து தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப் போனான்.

"சித்தப்பா, நீங்க எங்க இந்த வரிசையில? நமக்குள்ள சீட்டா?"

"எல்லாரும் எழுதறாங்களேன்னு..."

"செபுலோன் எழுதுவான், அவன் வியாபாரி. நீங்க எம்மேல சீட்டு எழுதினா ஊரு என்ன பேசும்? பத்து வருஷம் கழிச்சும் பேசும். பணம் ரெடி சித்தப்பா. புத்தாண்டு முடிஞ்ச வியாழக்கிழமை, சபை நடுவுல, எல்லாரும் பாக்கத் தர்றேன். அமெரிக்காவுலேர்ந்து விருந்தாளி வர்றாரு. நம்ம ஜனங்க வேதத்தைப் படிக்கறது மட்டும் இல்ல, வாழறாங்கன்னு அவரும் பாக்கட்டும்."

"வியாழக்கிழமை கண்டிப்பா வேணும் ரபி. ஹாஜியோட நிலம், ஊத்து இருக்கே, அது விலைக்கு வருது."

"அந்த ஊத்தா?" என்றான் ஆசேர். "நல்ல ஊத்தாச்சே. வாங்கிப் போடுங்க."

ஓபதியா வரிசைக்குத் திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டான். கையெழுத்துப் போட்ட சீட்டை ஊதிக் காயவைத்துக்கொண்டே வந்த செபுலோன் கேட்டான்: "என்னண்ணே, எழுதலையா?"

"நமக்கு எதுக்குப்பா."

"அதுவும் சரிதான். உங்களுக்கு எதுக்கு," என்று சொல்லிவிட்டுச் செபுலோன் சீட்டை நாலாக மடித்தான்.

கைன்ஸாவிடம் சொன்னபோது அவள் பச்சை வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"வியாழக்கிழமை நீங்க வாயையே திறக்காதீங்க. காசை வாங்கி ஜோப்புல போடுங்க. போட்டுட்டு அப்புறமா விட்டேன், தொட்டேன், எது வேணாலும் சொல்லுங்க."

"முறை அப்படி இல்லடி. முதல்ல நான் சொல்லணும். அப்புறம் அவன் சொல்வான்."

"அவன் சொல்லலன்னா?"

ஓபதியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு அதைச் சொல்லிக் குடுத்தவனே அவந்தாண்டி."

வருஷத்தின் கடைசிச் சூரியன் சாய்ந்தது. கொம்பு ஊதினார்கள், தேனில் தோய்த்த ரொட்டி தின்றார்கள். சீட்டு எழுதாத கடன்கள் எல்லாம் விழுந்தன.

வியாழக்கிழமை காலை ஓபதியா நகக்கண்ணில் இருந்த மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, துவைத்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு மலை ஏறினான். கூடம் நிறைந்திருந்தது. விருந்தாளி முன்வரிசையில் இருந்தார். நிலக்கடலை உடம்புக்கு ஆகாத மனிதர் என்று முதல்நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. குழம்பையெல்லாம் மாற்றி வைத்தார்கள். முகத்தில் நல்லெண்ணம் வழிய, கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தார். சுருள் வாசித்து, சுற்றி, பெட்டியில் வைத்தார்கள். ஆசேர் கையைத் தட்டிச் சபையை உட்காரச் சொன்னான்.

"ஓபதியா, முன்னால வாங்க."

போனான். ஆசேர் கடன் வாங்கிய கதையை மறைக்காமல் சொன்னான். ஆடு விற்றதைச் சொன்னான், சூளைக் காசைச் சொன்னான், தொகையையும் சொன்னான். அங்கியின் பையிலிருந்து தடித்த வெள்ளை உறை ஒன்றை எடுத்து நீட்டினான்.

"வருஷம் போயிடுச்சு. கடன் விழுந்துடுச்சு. ஆனா நான் பணத்தோட வந்து நிக்கறேன்."

ஓபதியா உறையைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் கைன்ஸா இருமினாள். அது அவள் இருமல்தான், அவனுக்குத் தெரியும்.

"விட்டேன்," என்றான்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தகரத்தில் பட்டுத் திரும்பியது. வலது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டான். ஆசேரின் உதடு பிரிந்தது. அந்தச் சொல் அவன் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்பதை ஓபதியா பார்த்தான். இன்றைக்கும் கேட்டால் பார்த்தேன் என்றுதான் சொல்வான்.

அப்போது விருந்தாளி கைதட்டினார். முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஆசேரின் கையைப் பிடித்து, அந்த மனிதர் என்ன சொன்னார் என்று கேட்டார். ஆசேர் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தான். ஒரு சொல்லுக்கு அவ்வளவு நீளமான மொழிபெயர்ப்பு. சொல்லச் சொல்ல விருந்தாளியின் கண் கலங்கியது, சொல்லச் சொல்ல ஆசேரின் கையில் இருந்த உறை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அவன் மார்போடு போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் யாரோ பாட்டெடுத்தார்கள். ஆசேர் திரும்பியபோது ஓபதியாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. ஆசேர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"சபையே, பாத்தீங்களா? சேத்துல நிக்கற மனுஷன். எழுதப் படிக்க இப்பதான் கத்துக்கிட்டாரு. அவர் வாயிலேர்ந்து வந்ததைக் கேட்டீங்களா?" அவன் குரல் உண்மையாகவே நடுங்கியது. "இந்தப் பணத்தை நான் தொட மாட்டேன். இனி இது என்னுதும் இல்ல, அவருதும் இல்ல. நம்ம ஜனங்க ஆத்துல அட்டைக்கு நடுவுல முங்கறது போதும். சபைக்குன்னு ஒரு குளியல் குளம் கட்டுவோம். முதல் பணம் இது, ஓபதியா பேர்ல."

விருந்தாளி எழுந்து, மீதிக்கு நான் பொறுப்பு என்றார். கூடம் இடிந்து விழுகிற மாதிரிப் பாட்டு. ஆளாளுக்கு வந்து ஓபதியாவைக் கட்டிக்கொண்டார்கள். எண்ணும்போது அவனைத் தாண்டிப்போன விரலுக்காரன்கூட வந்து முத்தம் கொடுத்தான். திரை ஒருமுறை அசைந்தது. படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

வீட்டில் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என்ன சொன்னான்?"

"பாட்டுப் பாடினாங்க."

"பாட்டு எவ்வளவு வரும்? ஹாஜி எடுத்துக்குவாரா?"

மறுநாள் காலையில் ஓபதியா ஆசேரின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"ரபி, நேத்து நீங்க ஒண்ணு சொல்ல மறந்துட்டீங்க."

ஆசேர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். "மறக்கல சித்தப்பா. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் கைதட்டிட்டாரு. அப்புறம் அது வேற மாதிரி ஆயிடுச்சு. நீங்களே பாத்தீங்க."

"இப்ப சொல்லலாமே."

"சபையில குடுத்ததைத் திருப்பி வாங்கறதா? அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அதுவும் இல்லாம, வருஷம் போனப்புறம் கடனைக் கேட்டா, கேக்கறவனுக்குத்தான் பாவம். உங்களுக்குப் பாவம் வர நான் விடுவேனா?"

 சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, வகுப்பில் படித்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஜியிடம் தவணை கேட்கப் போனான். ஹாஜி மாவு மில் முன்னால் உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார்.

"வாப்பா, வா. என்ன மனுஷன்யா நீ. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வர்றேன், வாசல்ல உங்க ரபியும் ஒரு வெள்ளைக்காரரும். குளியல் கட்ட ஊத்துத் தண்ணிதான் ஆகணுமாம், குழாய்த் தண்ணி ஆகாதாம். நான் சொன்னேன், ஓபதியாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னு. அவருதான் இதுக்கு முதல் பணமே குடுத்தவருன்னாங்க. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. நிலத்தை உனக்குன்னு கேட்டுட்டு, கடைசியில கடவுளுக்குக் குடுத்துட்டியே."

"பணம் வாங்கிட்டீங்களா ஹாஜி?"

"வாங்கிட்டேனே." ஹாஜி அவன் முகத்தைப் பார்த்தார்.  விரித்த கைகள் மடியில் இறங்கின. "உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றான் ஓபதியா. வேறு என்ன சொல்வது.

புத்தாண்டுக்கும் பாவநிவாரண நாளுக்கும் நடுவில் இருக்கிற நாட்களில் ஒருவரிடம் ஒருவர் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், மேலே இருப்பவன் அதில் தலையிட மாட்டான். ஞாயிறு மாலையே ஆசேர் வந்தான், மூன்று சாட்சிகளோடு. அதில் செபுலோனும் ஒருத்தன்.

"சித்தப்பா, இந்த வருஷம் தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு நான் செஞ்ச தப்பு எதுவா இருந்தாலும் மன்னிக்கணும்."

ஓபதியா அச்சுப் பெட்டியின் மூலையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அடித்துக்கொண்டே இருந்தான். ஆசேர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மறுபடி வந்தான். அதே மூன்று பேர், அதே வார்த்தை. இந்த முறை கூடவே ஒரு நல்ல சேதியும் கொண்டுவந்தான். "குளம் வெட்ட ஆள் வேணும். நாள் கூலி பதினஞ்சாயிரம். உங்களைத் தவிர வேற யாரையும் கேக்கக் கூடாதுன்னு கமிட்டியில சொல்லிட்டேன். அந்த மண்ணு உங்களுக்குப் பழகின மண்ணு."

கைன்ஸா வாசலுக்கு வந்தாள். "என்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கலையே."

"சித்தி, கடன் சித்தப்பா பேர்லதான..."

"அப்ப நான் யாரு பேர்ல மிதிச்சேன்?" செருப்பைக் கழற்றினாள். காலைத் தூக்கி அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "நான் விட்டேன்னு சொல்லல. திரைக்குப் பின்னால நின்னா இருமத்தான் முடியும்னு நினைச்சியா? நான் விடல."

ஆசேர் பார்வையைத் திருப்பிக்கொண்டான். பெண்ணின் காலைப் பார்ப்பது முறையில்லை. செபுலோன் தரையைப் பார்த்தபடி, "போலாம் ரபி," என்றான்.

செவ்வாய்க்கிழமை, பாவநிவாரண நாள் நோன்புக்கு முந்தின மத்தியானம், மூன்றாவது முறை வந்தான். மூன்றாவது முறைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாட்சி வைத்து மூன்று தடவை கேட்டும் ஒருவன் மன்னிக்காவிட்டால், கேட்டவன் கழுவப்பட்டுவிடுவான். பாவம் மன்னிக்காதவன் தலைக்கு மாறும். இதையும் ஆசேர் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தான். அவன் கேட்டு முடிக்கும்வரை ஓபதியா காத்திருந்தான்.

"ஆசேரு," என்றான். ரபி என்று சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கூப்பிட்ட மாதிரிக் கூப்பிட்டான். "கடனைச் சபையில விட்டுட்டேன். அதைத் திருப்பிக் கேக்க மாட்டேன். நீ இப்ப கேக்கறது வேற. அது என்கிட்ட இல்ல."

"யோசிச்சுச் சொல்லுங்க சித்தப்பா. பொழுது சாயறதுக்குள்ள. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"யோசிச்சுட்டேன்."

ஆசேர் சாட்சிகளைப் பார்த்தான். "மூணாச்சு," என்றான் மெதுவாக. அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, பொய் வருத்தம் இல்லை. அதோடு ஒரு சுமை இறங்கிய களையும் இருந்தது. மலைமேல் அவனுக்கு நிறைய வேலை காத்திருந்தது. விறுவிறுவென்று நடந்து போனான். செபுலோன் மட்டும் பின்தங்கி, ஏதோ சொல்ல வந்தவன்போல நின்று, "கடைக்கு வாங்கண்ணே, ஒரு கிலோ சர்க்கரை எடுத்துக்கோங்க, காசு வேணாம்," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

நோன்புக்கு முன் சாப்பாடு: வாழைக்காய் மசியலும் கொஞ்சம் மீனும். கைன்ஸா பரிமாறினாள்.

"போறீங்களா?" என்றாள்.

"போகாம?"

அவளும் வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

வாழைத் தோப்பு வழியாக ஏறினார்கள். அவன் தலை தெரிந்தபோது மேலே யாரும் பாட்டெடுக்கவில்லை. பாட்டு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள், பத்தாவது ஆள் எப்போதோ வந்துவிட்டிருந்தான். ஓபதியா கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தான். கைன்ஸா திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

பெரிய ஜெபம் தொடங்குவதற்கு முன், அந்த ஆண்டு சபைக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லி ஆசி கூறுவார்கள். ஆசேர் வெள்ளை அங்கியில் மேடையேறி மனப்பாடமாகச் சொன்னான். அமெரிக்க விருந்தாளி பெயர். எல்லாரும் ஆமென். செபுலோன், ஒரு மூட்டை மாவு. ஆமென். பிறகு குரலை உயர்த்தினான்.

"எலியாபின் மகன் ஓபதியா, குளியல் குளத்துக்காக, பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்."

அப்பாவின் பெயர் அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தமாக ஒலித்தது அதுதான் முதல்முறை. தினைக் குதிருக்குள் ஒளிந்து முணுமுணுத்துத் தொழுத மனிதர். சாட்சி இல்லாததால் அவர் மகனைக் கணக்கில் சேர்க்காத சபை இப்போது ஒரே வாயாக ஆமென் என்றது.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைன்ஸாவின் குரலும் வருகிறதா என்று ஓபதியா காது கொடுத்துப் பார்த்தான். வரவில்லை. அவள் சொல்லவில்லை. தானும் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தான். ஆனால் ஐம்பது வருஷம் பழகிய வாய், அது அவனைக் கேட்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து அவனும் ஆமென் என்று சொல்லிவிட்டிருந்தான்.